புதுப்பிப்பு: நான் கையொப்பமிடாத சோதனை அறிக்கை

அழுத்தக் கலன் ஒன்றின் பாதுகாப்பு வால்வு உரிய அழுத்தத்தில் திறக்கிறதா என்னும் சோதனையை முழுமையாக நடத்தாமலேயே அறிக்கையில் கையொப்பமிடுமாறு மேலாளர் கேட்டதையும், நான் தயங்கியதையும் முன்பு எழுதியிருந்தேன். ஏவிய சற்று நேரத்திலேயே சிதறி ஏழு பேரும் உயிரிழந்த அமெரிக்க விண்ணோடமான சேலஞ்சரின் விபத்தைப் பற்றிப் படிக்கச் சிலர் சொன்னீர்கள், படித்தேன்.

விண்ணோடத்தை மேலே தள்ளும் உந்துகலனைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் ராஜர் பாய்ஜோலி, அதன் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-வளையங்களின் ஆபத்தைப் பற்றி 1985 ஜூலையிலேயே நிர்வாகத்துக்கு எழுத்தில் எச்சரித்திருந்தார். 1986 ஜனவரியில், ஏவுதலுக்கு முந்தைய இரவில், குளிரில் ரப்பர் இறுகும் என்பதால் 53 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவக் கூடாது என்று அவரும் சக பொறியாளர்களும் வாதிட்டபோது, ஏவினால் நிச்சயம் பழுதாகும் என்று நிரூபிக்க வேண்டிய நிலைக்கு அவர்களே தள்ளப்பட்டார்கள். என் மேலாளரும் இதையேதான் கேட்டார்: "வால்வு திறக்காது என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்?"

ஆகவே வாதிடுவதை விட்டுவிட்டு, எந்தப் படி விடுபட்டது, அதனால் எது உறுதியாகவில்லை, அதை உறுதிசெய்ய என்ன தேவை என்பதை மட்டும் எழுதி, மேலாளருக்கும் தரக் கட்டுப்பாட்டுத் தலைவருக்கும் அனுப்பினேன். மறுசோதனைக்கு ஒப்புதல் கிடைத்துள்ளது. அதுவரை கலன் இயக்கப்படாது. மேலாளர் இப்போது என்னிடம் அளந்துதான் பேசுகிறார். (சேலஞ்சரை ஏவுவதற்கான ஒப்புதலில் கையொப்பமிட மறுத்த, அதே நிறுவனத்தைச் சேர்ந்த அலன் மெக்டொனால்ட், விசாரணைக் குழுவிடம் உண்மையைச் சொன்ன பிறகு பதவி இறக்கப்பட்டார் என்பதைத் துணிச்சலை மட்டும் அறிவுரையாகத் தந்தவர்கள் கவனிக்கலாம்.)

வெளி ஆய்வாளரிடம் இப்போதே போகச் சொன்னவர்களுக்கு: மறுசோதனை தள்ளிப்போடப்பட்டால் போவேன்.