சிண்டாரின் சொல்லிலிருந்து வேருக்குப் போவது எப்படி?

வணக்கம். ஆங்கில நாவலாசிரியர் டோல்கீன் தன் கதைகளில் வரும் எல்ஃப் இனத்தாருக்காகக் கற்பனையில் உருவாக்கிய க்வென்யா, சிண்டாரின் மொழிகளில் கை வைத்திருப்பவர்கள் யாராவது உதவுங்கள். அவர் எழுதாமல் விட்ட சொற்களுக்கு வேர் பிடித்து, ஒரு சிறு சொற்பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

வேரிலிருந்து கீழே இறங்குவது சுலபம். 'கலடா' என்ற மூலவடிவம் க்வென்யாவில் முதல் மெய்யை இழந்து 'அல்டா' (மரம்) ஆகிறது. சிண்டாரினில் அந்த மெய் தங்கி 'கலத்' ஆகிறது. திரும்பி மேலே ஏறும்போதுதான் தலை சுற்றுகிறது. அன்னத்துக்கு க்வென்யாவில் 'அல்க்வா', சிண்டாரினில் 'அல்ஃப்'. இங்கே முதலில் மெய்யே கிடையாது. அப்படியானால், உயிரெழுத்தில் தொடங்கும் க்வென்யாச் சொல் மட்டும் கையில் இருந்தால், வேரில் 'க' இருந்ததா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

சிண்டாரின் 'ப'வும் இதே வம்புதான். 'பெத்' (சொல்) பழைய 'க்வ'விலிருந்து வந்தது, க்வென்யாவில் 'க்வெட்டா'. 'பலன்' (தொலைவு) மட்டும் இரண்டிலும் 'ப'.

1987இல் அச்சான டோல்கீனின் வேர்ச்சொல் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அது 1930களில் எழுதப்பட்டது. அதில் இருப்பது நோல்டோரின் (அவர் பின்னால் சிண்டாரினாக மாற்றிய பழைய மொழி), சிண்டாரின் அல்ல. அதை அப்படியே அள்ளிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

என் கேள்வி இதுதான்: இரண்டு வேர்களுக்கும் இடம் இருக்கும்போது எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? பொருளை வைத்தா, அதே வேரில் பிறந்த மற்ற சொற்களை வைத்தா? நாமே கட்டிய சொல்லுக்கு உடுக்குறி (*) போடுகிறோம், சரி. பாதி சான்றுள்ளதற்கு என்ன குறி போடுகிறீர்கள்?