ஓமான் மணல்ல மாட்டினப்ப யாராவது வந்து நின்னிருந்தா எழுதுங்க

கூடாரக்காரன்:

வஹீபா மணல்ல வண்டி புதையாத ஆள் இங்க யாரும் இருக்க மாட்டீங்க, அதனால அந்தப் பாகத்தை விட்டுடறேன். பிதியாவுக்குத் தெற்கே போற தடம், மத்தியானம், நாலு சக்கரமும் அச்சு வரைக்கும் உள்ளே. நான், மனைவி, பொண்ணு. தோண்டத் தோண்ட மணல் சரிஞ்சு அதே குழியில விழுது.

மேட்டுலேர்ந்து ஒரு ஷாஸ் பிக்கப் இறங்கிச்சு. ஓட்டிட்டு வந்தது பன்னிரண்டு வயசு இருக்கும், ஒரு பையன். பக்கத்துல தாத்தா. பெரியவர் சலாம் சொன்னார், அவ்வளவுதான் பேச்சு. என் முகத்தைக்கூடப் பார்க்கல, டயரைத்தான் பார்த்தார். "ஹவா, ஹவா"ன்னு விரலைக் கீழே ஆட்டினார். காலையிலேயே 18 psi-க்கு இறக்கியாச்சுன்னு கேஜை எடுத்துக் காட்டினேன். அதை ஓரமா தள்ளிட்டு, ஒரு குச்சியை வால்வுல அழுத்தி, சத்தத்தைக் கேட்டுக் கேட்டே நாலு டயர்லயும் காத்தை விட்டார். அப்புறம் பையனை எங்க வண்டியில ஏத்தினார். அவன் சீட் நுனியில உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்கு மேல எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டு, வந்த தடத்துலயே ரிவர்ஸ்ல எடுத்துட்டான். மண்வாரிக்கு வேலையே இல்ல.

நான் 10 ரியால் நோட்டை நீட்டினேன். கையைத் தள்ளினார். அவர் போட்டிருந்த டிஷ்டாஷா அங்கியோட பாக்கெட்ல செருகினேன். அதை எடுத்துக்கிட்டு நேரா என் பொண்ணுகிட்ட போனார். நாலா மடிச்சு அவ உள்ளங்கையில வெச்சு, விரல்களை ஒவ்வொண்ணா மூடினார். அப்புறம்தான் முதல் தடவையா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்ல. வந்த விருந்தாளிங்க முன்னாடி ஏடாகூடமா பேசிட்ட சொந்தப் பிள்ளையைப் பார்ப்போமே, அப்படி.

பொண்ணு அந்த நோட்டை பிதியா கடையிலேயே ஐஸ்கிரீமா மாத்திட்டா. எனக்குத்தான் அந்தப் பார்வை இன்னும் போகல. பணம் வேண்டாம்னா வேற என்னதான் கொடுக்கிறது?

நிஸ்வா வாசி:

பணம் நீட்டியதே தவறு என்று சொல்லப் பலர் வருவார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. அதே பிதியாவில் புதைந்த வண்டியை இழுத்துவிடுவதைத் தொழிலாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். முதலிலேயே இவ்வளவு என்று சொல்வார்கள், நாம் பேரம் பேசுவோம், கொடுப்போம். அதில் என்ன குறை? மணலில் வாழ்கிறவன் பெட்ரோலைச் சும்மா எரிக்க வேண்டும் என்று நாம் ஏன் எதிர்பார்க்கிறோம்? பெதூ என்னும் பாலைவன மக்கள் எல்லோரையும் தேவதைகளாக்கி எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

என் அனுபவம் சின்னது. ஆதம் - ஹைமா சாலை, இரவு. கூடாரம் போட இடம் தேடிக்கொண்டே மெதுவாகத்தான் போனேன். எதிரே ஒருவர் சாலை நடுவில் நின்று செல்போன் விளக்கை வீசிக்கொண்டிருந்தார். ஏதோ வம்பு என்று முதலில் நினைத்தேன். அவருக்குப் பத்தடி பின்னால், அடிபட்ட ஒட்டகம் ஒன்று தார்ச்சாலையின் குறுக்கே கிடந்தது. ஹெட்லைட்டில் அதன் நிறமும் சாலையோர மண்ணின் நிறமும் ஒன்றுதான். நிற்கும் ஒட்டகம் என்றால் இன்னும் மோசம். பம்பர் அதன் காலைத்தான் தட்டும், உடம்பு மொத்தமும் கண்ணாடி வழியாக உள்ளே வந்து விழும்.

அடித்தது அவர் வண்டி இல்லை. ஒட்டகமும் அவருடையது இல்லை. போலீஸ் வரும்வரை நின்றார், வந்ததும் ஷாஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைக்கு லாரிகள் நிறைய. ஒவ்வொன்றின் முன்னாலும் அந்த வெள்ளை டிஷ்டாஷா ஓடியது மட்டும் நினைவிருக்கிறது.

பனிமூட்டம்:

நிஸ்வா அண்ணா, தேவதைன்னு யாரும் எழுதலையே. அவர் ஒரு மனுஷரைப் பத்தி எழுதினார்.

நாங்க போனது ஜித்தத் அல் ஹராசிஸ் பாலைவனம், ஓரிக்ஸ் மான் பார்க்க. 1982-ல திரும்பக் கொண்டுவந்து விட்டாங்களே, அந்த இடம். யுனெஸ்கோ பட்டியல்ல இருந்து 2007-ல நீக்கினாங்க, அப்படி நீக்கின முதல் இடமே அதுதான்னு அப்புறம் தெரிஞ்சப்ப மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அது வேற கதை.

விடியக்காலையில கடல் பக்கமிருந்து மூட்டம் வந்து கூடாரம் சொட்டச் சொட்ட நனைஞ்சிடுச்சு. பாலைவனத்துல போர்வையைப் பிழிஞ்சிருக்கீங்களா? நான் பிழிஞ்சேன். சின்னவனுக்கு ராத்திரியிலேர்ந்தே இருமல், உடம்பு லேசா சுட்டது. அந்த நேரத்துல ஒரு பிக்கப் வந்து நின்னுச்சு. இறங்கினது பாட்டி. முகத்துல புர்கா, தனியா அவங்களேதான் ஓட்டிட்டு வந்தாங்க. என் வீட்டுக்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்கல. பையன் நெத்தியில புறங்கையை வெச்சுப் பார்த்தாங்க, எதுவும் சொல்லாம வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. அவ்வளவுதான்னு நினைச்சோம்.

திரும்பி வந்தப்ப ஒரு கையில நுரையோட ஒட்டகப்பால், இன்னொரு கையில தணல். தணல்ல சாம்பிராணியைப் போட்டு, அவனை மடியில உட்கார வெச்சு, தன் துணியாலேயே ரெண்டு பேர் தலையையும் மூடிக்கிட்டாங்க. உள்ளேயிருந்து புகை மட்டும் வருது. அஞ்சு நிமிஷம் இருக்கும். நான் வெளியில நின்னு பதறிக்கிட்டு இருக்கேன், உள்ளே ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்குது!

கிளம்பும்போது என்னை ஒரு கேள்வி கேட்டாங்க. அரபி ஓரளவு எனக்குப் பிடிபடும், ஆனா இது ஹராசிஸ் மக்களோட சொந்த மொழி, ஒரு எழுத்தும் புரியல. பையனைக் காட்டினாங்க, என்னைக் காட்டினாங்க, கிழக்கே கையை நீட்டினாங்க, திரும்பவும் அதையே கேட்டாங்க. நான் தலையாட்டினேன். அவங்க முகத்துல அது சரியான பதில் இல்லேன்னு தெரிஞ்சது. என்ன கேட்டிருப்பாங்க? இன்னிக்கும் பாத்திரம் தேய்க்கும்போது அது ஞாபகம் வரும்.

பச்சைப்பாலைக் கொடுத்தியான்னு யாரும் அறிவுரையோட வராதீங்க.

டயர்ப்பித்தன்:

வராதீங்கன்னு சொன்னாலும் வருவேன் சகோதரி. காய்ச்சாத ஒட்டகப்பால்ல ப்ருசெல்லா கிருமி இருக்கலாம். அடுத்த தடவை வாங்கி, நன்றி சொல்லி, அவங்க போனதும் அடுப்புல வெச்சுக் காய்ச்சிடுங்க. யாரும் மனசு கஷ்டப்பட மாட்டாங்க.

என் கதை ரெண்டே வரி. அல் வாஸில் பக்கம் புதைஞ்சேன், ஒருத்தர் இழுத்துவிட்டார், காபி கொடுத்தார், போயிட்டார்.

இப்ப கூடாரக்காரருக்கு. அந்தப் பெரியவர் ஏன் உங்க கேஜை நம்பலைன்னு யோசிச்சீங்களா? காலையில ஆறின டயர்ல 18 வெச்சிருப்பீங்க. வெயிலும் ஓட்டத்துல ஏறின சூடும் சேர்ந்தா மத்தியானம் அது 20-ஐத் தாண்டியிருக்கும். தார்ல 35 ஓட்டற வண்டிக்கு மணல்ல 15 நல்ல தொடக்கம், ரொம்பப் பொடி மணல்னா 12 வரைக்கும் போகலாம். காத்து குறைஞ்சா டயர் அகலமாகும்னு எல்லாரும் சொல்றாங்க. அகலம் கொஞ்சம்தான் கூடும், மணல்ல படியற நீளம்தான் நல்லா கூடும், அதுலதான் வண்டி மிதக்குது. ஆனா 12-ல வெச்சுக்கிட்டு ஸ்டியரிங்கை வெடுக்குனு ஒடிச்சா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடும். தார் ஏறினதும் முதல் பஞ்சர் கடையில காத்து அடிச்சுக்கணும். அடிக்காம வேகமா போனா டயர் சூடாகி வெடிக்கும்.

இன்னொண்ணு. யார் இழுத்துவிட வந்தாலும் அவங்க கயிறை உங்க டோ பால்ல, அதாவது பின்னாடி டிரெய்லர் மாட்டற உருண்டையில, மாட்ட விடாதீங்க. அது டிரெய்லரை நிதானமா இழுக்கச் செஞ்சது, வெடுக்குனு விழற இழுவையைத் தாங்காது. ஒடிஞ்சா குண்டு மாதிரி பறந்து வரும், ஆட்கள் செத்திருக்காங்க. சேஸிஸ்ல இருக்கிற கொக்கியில, பாரம் எவ்வளவுன்னு குறிச்சிருக்கிற ஷேக்கிள் (இரும்பு வளையம்) போட்டு மாட்டுங்க. கயிறு நடுவுல ஒரு கனமான போர்வையைப் போடுங்க. கயிறோட நீளத்துக்கு மேல தள்ளி நில்லுங்க, குழந்தைங்க இன்னும் தள்ளி.

பர் அல் ஹிக்மான் போறவங்களுக்கு: சப்காங்கிற உப்பு நிலத்து மேல காஞ்ச உப்பு ஓடு தெரியும், அடியில சேறு. புதுத் தடம் போடாதீங்க, போன வண்டியோட தடத்துலயே போங்க.

கூடாரக்காரன்:

டோ பால் கதை யாருங்க கேட்டா! ஆனா அந்த 18 விஷயம் உறைச்சது. நன்றி.

ஜெபல் காத்து:

ஜெபல் ஷம்ஸ் மேல, ராத்திரிக் காத்துல கூடாரக் கம்பி ஒடிஞ்சு போச்சு. பள்ளத்தாக்கு ஓரத்துல ஆட்டுரோமக் கம்பளம் விக்கிற பெரியவர், விக்க வெச்சிருந்ததுலேர்ந்தே ரெண்டை எடுத்துவந்து எங்க மேல போட்டுட்டுப் போனார். காலையில ஒண்ணு வாங்குங்கன்னு ஒரு வார்த்தை வரல. நாங்களா வாங்கினோம், சொன்ன விலைக்கு. கூடாரக்காரர் கேட்டதுக்கு என் பதில் இதுதான்: அவங்க விக்கிறதை வாங்குங்க.

தும்ரைத் தாண்டி:

எல்லாரும் பெதூ, பெதூன்னு எழுதறீங்க. ஒட்டகத்தை மேய்க்கிறது யாருன்னு யாராவது இறங்கிப் பார்த்தீங்களா?

ஷிஸ்ர் தாண்டி ரூப் அல் காலி மணல் ஆரம்பிக்கிற பக்கம், ரேடியேட்டர் ஹோஸ் பிளந்துக்கிச்சு. போன்ல சிக்னல் இல்ல. தூரத்துல ஒட்டகப் பட்டி தெரிஞ்சது. அங்கேயிருந்து நடந்து வந்தவர் பங்களாதேஷ்காரர். முதலாளி நகரத்துல, இவர் மட்டும் ஒட்டகங்களோட. பழைய டியூபை நாடா மாதிரி கிழிச்சு, பிளந்த இடத்துல இழுத்து இழுத்துச் சுத்தி, மேல கம்பியை முறுக்கினார். ஒட்டகத்துக்கு வெச்சிருந்த தொட்டித் தண்ணியை ரேடியேட்டருக்குக் கொண்டுவந்து ஊத்தினார். சோறும் பருப்பும் போட்டார். கேட்காமலே ரெண்டாவது தடவையும் போட்டார். அந்தக் கட்டு தும்ரைத் வரைக்கும் தாங்குச்சு.

நானும் பணம் நீட்டினேன், அவரும் வாங்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: எங்க வண்டி பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரு படம். உள்ளே போய் சட்டையை மாத்திட்டு வந்தார். தலையைத் தண்ணி தொட்டு வாரிக்கிட்டு, கதவுல கைய வெச்சு நின்னார். வீட்டுக்கு அனுப்பணும்னு ஒரு சிகரெட் அட்டையில நம்பர் எழுதிக் கொடுத்தார்.

அந்த ஊர் நம்பர் பதினோரு இலக்கம்னு அப்புறம் விசாரிச்சதுல தெரிஞ்சது. அட்டையில பத்துதான் இருக்கு. ஒண்ணு விட்டுப்போச்சு. படம் இன்னும் என் போன்லயே கிடக்கு. விருந்தோம்பல்னு நீங்க எழுதற ஒவ்வொரு தடவையும் அந்த மாத்தின சட்டைதான் எனக்குத் தெரியுது.

நிஸ்வா வாசி:

நீங்கள் சொல்வது சரி. தேவதை பற்றி நான் சொன்னதும் அதுதான். ஆனால் அவரும் அந்த மண்ணில் வந்தவரைக் கவனிக்கும் வழக்கத்தைத்தானே செய்திருக்கிறார்? இருவரையும் எதிரெதிரே நிறுத்த வேண்டாம்.

தும்ரைத் தாண்டி:

நான் நிறுத்தல. இந்தக் கதைகள்ல அவர் எங்கேயும் வரலைன்னுதான் சொல்றேன்.

மீன்வாசம்:

சண்டைக்கு நடுவுல என்னுடையது. கலூஃப் வெள்ளை மணல், கடலைப் பார்த்து கூடாரம். ராத்திரி ரெண்டு மணிக்கு வெளியில யாரோ ஆணியைப் பிடுங்கற சத்தம். திருடன்னு டார்ச்சை எடுத்துக்கிட்டுப் பாஞ்சேன். மீன்பிடிக்கிற பெரியவர், முழங்கால் வரைக்கும் ஈரம். என்னை நிமிர்ந்தும் பார்க்காம அடுத்த ஆணிக்குப் போனார். "பஹர், பஹர்"ங்கறார். வெளிச்சத்தைத் திருப்பினா தண்ணி எங்க பின்சக்கரத்துகிட்ட இருக்கு. கூடாரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு, உள்ளே இருந்த சாமானோடயே மேட்டுக்கு இழுத்தோம். அப்புறம் வண்டி.

மேல வந்ததும் என் கையில இருந்த டார்ச்சை அணைச்சார். பேட்டரி வீணாகுதுன்னு சைகை காட்டினார். திருடன்னு கத்தினது அவருக்குப் புரிஞ்சிருக்குமான்னு தெரியல. காலையில பார்த்தா வண்டி பானட் மேல ஒரு சூரை மீன்.

பனிமூட்டம்:

மீன்வாசம், சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. புரிஞ்சிருந்தா மீன் வந்திருக்காது.

டயர்ப்பித்தன்:

தும்ரைத் தாண்டி அண்ணே, அந்த அட்டையை இன்னும் வெச்சிருக்கீங்களா? நம்பர் 1-ல ஆரம்பிக்குதான்னு பாருங்க. பங்களாதேஷ் செல்போன் நம்பர் ஊருக்குள்ள 01-னுதான் ஆரம்பிக்கும், வெளிநாட்டுலேர்ந்து போடும்போது அந்த 0 போயிடும். வளைகுடாவுல இருக்கிறவங்க பழக்கத்துல அதை விட்டுட்டுத்தான் எழுதுவாங்க. என் பஞ்சர் கடைக்காரரும் அப்படித்தான். 1-ல ஆரம்பிச்சா எதுவும் விட்டுப்போகல, முன்னாடி 880 மட்டும் சேர்த்து அனுப்புங்க.

தும்ரைத் தாண்டி:

1-லதான் ஆரம்பிக்குது.

டயர்ப்பித்தன்:

அப்ப அனுப்புங்க அண்ணே. அனுப்பிட்டு அந்த ஹோஸை மாத்திட்டீங்களான்னும் சொல்லுங்க. டியூப் கட்டு எல்லாம் ஊர் வந்து சேரத்தான், அதோடயே ஓட்டிக்கிட்டு இருக்காதீங்க.