கடலூர், பாண்டி பக்கம் பிஎல்ஜிஎஃப் ரத்தப் பரிசோதனை எங்கே எடுக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது திருப்பாதிரிப்புலியூர், மனைவிக்கு இப்போது 12வது வாரம். முதல் பிரசவத்தில் 33வது வாரமே பிரஷர் 160/110 ஏறி, அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை 1.6 கிலோதான். அதற்கு ஒரு வாரம் முன்பே கால் வீங்கி மெட்டி கழலவில்லை, சோப்பு போட்டு இழுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஆசாரியிடம் போய் வெட்டினோம். மாசமானால் கால் வீங்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம்.

இந்த முறை டாக்டர், 14 வாரத்துக்குள் பிரஷர், கர்ப்பப்பை ரத்தக்குழாயில் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன், அப்புறம் நஞ்சுக்கொடியில் சுரக்கும் பிஎல்ஜிஎஃப் என்ற புரதத்துக்கு ரத்தப் பரிசோதனை, எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் ப்ரீஎக்லாம்ப்சியா (மாசமாக இருக்கும்போது பிரஷர் ஏறி, தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகும் நோய்) வரும் வாய்ப்பு ஓரளவு முன்பே தெரியும் என்கிறார். ஆபத்து அதிகம் என்றால் 16 வாரத்துக்கு முன்பே தினமும் ராத்திரி 150 மி.கி. ஆஸ்பிரின். (இவளுக்கு ஏற்கெனவே வந்ததால் எப்படியும் கொடுப்பாராம்.)

டாப்ளர் இங்கேயே எடுத்துவிடலாம். ரத்தப் பரிசோதனைதான் சிக்கல். பாண்டியில், ஜிப்மர் பக்கம் உள்ள லேப்களில் எடுக்கிறார்களா, சென்னைக்கு அனுப்பினால் ரிசல்ட் வர எத்தனை நாள், எவ்வளவு ஆகும்? ஆஸ்பிரின் சாப்பிட்டவர்கள் இருந்தால், எந்த வாரம் நிறுத்தச் சொன்னார்கள் என்றும் சொல்லுங்கள். மாமியார் மாத்திரை என்றாலே பயப்படுகிறார். வியாழக்கிழமை ஸ்கேன், அதற்குள் தெரிந்தால் நல்லது.