மறு: பெர்கமொட் எண்ணெய் – 'ஆவியெண்ணெய்' என்று எழுதலாமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் சோப்பும் மெழுகுதிரியும் செய்கிற பெண்கள் குழு ஒன்றுக்குத் தமிழில் லேபிள் எழுதிக் கொடுக்கிறேன். அதனால் இந்தச் சொல் விவாதம் எனக்கு வெறும் அகராதி வேலை இல்லை. பெர்கமொட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெய் போன்ற, ஆங்கிலத்தில் 'எசென்ஷியல் ஆயில்' என்கிற வகைக்கு இதுவரை இங்கே வந்த நான்கு சொற்களிலும், அதாவது அத்தியாவசிய எண்ணெய், தைலம், தோலெண்ணெய், நறுமண எண்ணெய் ஆகியவற்றில், எனக்கு மறுப்பு உண்டு. பெர்கமொட் எண்ணெயைத் தவறாகப் பூசினால் தோல் புண்ணாகும். பெயரே அந்தத் தவறுக்கு வழி காட்டிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

முதலில் 'அத்தியாவசிய எண்ணெய்'. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் வரிசையில் இதையும் வைப்பது போல இருக்கிறது. மூலச்சொல்லில் உள்ளது எசன்ஸ், அதாவது சாரம். தேவை என்ற பொருள் அங்கே இல்லை. இதை இதற்குமேல் பேச வேண்டாம் என்று நினைக்கிறேன்.

> தைலம் என்றால் எல்லாருக்கும் விளங்கும். புதுச்சொல் எதற்கு?

ஐயா, விளங்கும் என்பதுதான் சிக்கலே. நம் பக்கம் தைலம் என்றால் பெரும்பாலும் நல்லெண்ணெயில் மூலிகை போட்டுக் காய்ச்சியது. இடுப்புக்கும் முழங்காலுக்கும் உருவித் தேய்ப்பது. நாளெல்லாம் தேயிலைக் கொழுந்து எடுத்துத் தோளும் கழுத்தும் வலிக்கிற ஒரு அக்கா 'பெர்கமொட் தைலம்' என்று படித்தால் என்ன செய்வார்? நன்றாகத் தேய்த்துக்கொண்டு காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) முடிந்து தேயிலை மலைக்குப் போவார். அங்கேதான் ஆபத்து. பழத்தோலிலிருந்து பிழிந்த பெர்கமொட் எண்ணெயில் பெர்கப்டன் என்ற பொருள் இருக்கிறது. தோலில் அது இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் சிவந்து எரியும், கொப்புளம் போடும், ஆறிய பிறகும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வாசனைத் திரவியம் வழிந்த தடத்திலேயே கழுத்தில் பதக்கம் தொங்குவது போலக் கறுப்புக் கோடு விழுவதைக் கண்டுதான் மருத்துவர்கள் இதற்கு 'பெர்லோக்' தோலழற்சி என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சில் பதக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

மலைநாட்டில் ஒரு தப்பான நம்பிக்கை வேறு உண்டு: குளிர் ஊர்தானே, வெயில் என்ன செய்யும் என்று. உண்மை நேர்மாறு. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிரின் வலு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே. அதோடு நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மெல்லிய மேகம் இருந்தாலும் கதிர் இறங்கும். பூசிவிட்டுக் கழுவாமல் விடும் பொருள்களில் இந்த எண்ணெய் 0.4 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேச வாசனைப்பொருள் சங்கமே எல்லை வைத்திருக்கிறது. உடனே கழுவிவிடும் சோப்புக்கு அந்த எல்லை இல்லை.

இப்போது 'தோலெண்ணெய்'. யாழ்ப்பாணத்து நண்பர் நல்ல எண்ணத்தோடுதான் தந்தார். பழத்தோலில் இருந்து வருவது என்று சொல்ல நினைத்தார். ஆனால் தமிழில் பழத்துக்கும் தோல், நமக்கும் தோல். போத்தலில் 'பெர்கமொட் தோலெண்ணெய்' என்று இருந்தால் பத்தில் ஒன்பது பேர் தோலுக்குப் பூசுகிற எண்ணெய் என்றுதான் எடுப்பார்கள். தைலத்தைவிட இது மோசம்.

'நறுமண எண்ணெய்' அந்த அளவுக்குத் தவறில்லை. ஆனால் மல்லிகை வாசனை கலந்த தேங்காயெண்ணெயையும் கடையில் அப்படித்தான் விற்கிறார்கள். அது தலையில் வைப்பது. இது சொட்டுக் கணக்கில் எடுப்பது.

என் முன்மொழிவு 'ஆவியெண்ணெய்'. தேங்காயெண்ணெய் ஒரு துளி காகிதத்தில் விழுந்தால் கறை நிற்கும். இந்த வகை எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். அதன் இயல்பே அதுதான். வாசனை நம் மூக்குக்கு வருவதும் அதனால்தான். தடிமன் பிடித்தால் சுடுதண்ணீரில் யூகலிப்டஸ் விட்டு ஆவி பிடிக்காத வீடு நம் தோட்டத்து லயங்களில் இல்லை. அந்தப் பழக்கத்தையே சொல் நினைவூட்டும்: இது முகர்வதற்கு, தேய்ப்பதற்கு இல்லை. கறுவா, சிற்றனெல்லா, யூகலிப்டஸ் எல்லாவற்றுக்கும் இதே சொல் பொருந்தும்.

கோவை ஐயா ஒரு கேள்வி கேட்பார் என்று தெரியும்: பெர்கமொட்டை ஆவியில் வடிப்பதில்லையே, குளிர்நிலையில் பிழிகிறார்களே, பிழிந்ததில் ஆவியாகாத மிச்சமும் இருக்குமே? சரியான கேள்வி. பெர்கப்டன் இருப்பதே அந்த மிச்சத்தில்தான். அதனால் முன்னால் ஓர் அடைமொழி வேண்டும்: 'பிழிந்த ஆவியெண்ணெய்', 'வடித்த ஆவியெண்ணெய்', 'பெர்கப்டன் நீக்கிய ஆவியெண்ணெய்'. கொஞ்சம் நீளம்தான். ஆனால் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய செய்தி அந்த அடைமொழியில்தான் இருக்கிறது.

பழத்தின் பெயருக்கு வருகிறேன். 'வாசனை எலுமிச்சை' வேண்டாம். நம் ஊரில் அட்டைக்கடிக்குக் காலில் தேய்க்கிற, சிங்களத்தில் கூடலு தெஹி என்கிற, மேலெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கிற காய்தான் உடனே நினைவுக்கு வரும். தாய்லாந்திலிருந்து வரும் சில ஷாம்பூக்களில் அந்தக் காயையே பெர்கமொட் என்று எழுதியிருப்பார்கள். குழப்பம் இப்போதே இருக்கிறது. புதினா குடும்பத்துப் பூச்செடி ஒன்றுக்கும் அதே பெயர். நாம் பேசுவது இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியாக் கடலோரம் விளைகிற சிட்ரஸ் பெர்கமியா. உலகத்துக்குப் போகும் எண்ணெயில் பெரும்பங்கு அங்கிருந்துதான். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 200 கிலோ பழம் வேண்டும், விலை அதனால்தான் அப்படி. புளிப்பு நாரத்தையும் லெமனும் கலந்து பிறந்தது என்று மரபணு ஆய்வு காட்டுகிறது. ஆகவே 'பெர்கமொட் நாரத்தை' என்பது உறவையும் சொல்லும், அடையாளத்தையும் விடாது.

அப்புறம், தேயிலை. ஏர்ல் கிரே என்பது பெர்கமொட் மணம் ஏற்றிய தேயிலை. அந்த மணம் நம் தேயிலையில் போய்ச் சேர்வது ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலை ஆலையில், இல்லை; பொதி கட்டுகிற இடத்தில். பெர்கமொட்டின் மணத்தில் முக்கியமான லினலூல் நம் உயர்மலைக் கொழுந்திலேயே இயல்பாக இருக்கிறது. இரண்டும் இவ்வளவு ஒத்துப்போவதில் அதற்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஆனால் ஏர்ல் கிரே என்று விற்பதில் பலவற்றில் இருப்பது செயற்கைச் சுவையூட்டி. அதற்கு 'பெர்கமொட் சுவையூட்டி' என்றே எழுத வேண்டும். 'ஆவியெண்ணெய்' என்ற சொல் மெய்யான எண்ணெய்க்கு மட்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஓடிகொலோனும் இதே எண்ணெயில் வேர் பிடித்ததுதான். 1709இல் கொலோன் நகரில் ஃபரினா என்ற இத்தாலியர் தொடங்கியது. காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போட்ட நம் பாட்டிமாருக்குப் பெர்கமொட் பழகிய வாசனை. எனவே அந்நியச் சரக்கு என்று தயங்க வேண்டியதில்லை.

மன அமைதி தரும், தூக்கம் வரும் என்று லேபிளில் போடலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். முகர்ந்தால் பதற்றம் குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. நோய் தீரும் என்று எழுதுவதற்கு அது போதாது. 'இதமான வாசனை' என்று எழுதுங்கள், போதும்.

மெழுகுதிரி லேபிளுக்கு நான் எழுதி வைத்திருப்பது இது: 'பிழிந்த பெர்கமொட் நாரத்தை ஆவியெண்ணெய் சேர்ந்தது. நேரடியாகத் தோலில் பூச வேண்டாம்.' அச்சுக்குப் போக இன்னும் சில நாள் இருக்கிறது. 'ஆவி' என்றால் பேய் நினைவு வரும் என்று யாராவது மறுத்தால், ஆவி பிடிப்பதற்கு நம் வீடுகளில் வேறு என்ன சொல் வழங்குகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.