போர்க்கள நிலம் கைமாறும் முன்: வர்ஜீனியா, பென்சில்வேனியா களங்களில் பலித்ததும் பலிக்காததும்

வரைபடம்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் களங்களைக் காக்கும் வேலை தெரிந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறோம். அவரவர் துறையில் எது பலித்தது, எது கைவிட்டது என்று எழுதுவோம். ஒவ்வொரு பதிவின் தலைப்பும் அதை எழுதுபவரின் துறை. எல்லைக்கோட்டிலிருந்து தொடங்குகிறேன். பல வழக்குகள் தோற்பது இங்கேதான்.

தேசியப் பூங்காவின் வேலிதான் போர்க்களத்தின் எல்லை என்று கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) உறுப்பினர்கள் பலர் நினைக்கிறார்கள். அந்த வேலி, அரசால் அன்று வாங்க முடிந்த நிலத்தைத்தான் காட்டுகிறது. 1993-இல் காங்கிரஸுக்கு அளிக்கப்பட்ட ஆணைய அறிக்கை, சுமார் 10,500 மோதல்களிலிருந்து 384 முக்கியக் களங்களைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு களத்துக்கும் இரண்டு கோடுகள் உண்டு. வெளிக்கோடு படைகள் வந்து, நின்று, பின்வாங்கிய பரப்பு முழுவதையும் அடக்கும். உள்கோடு நேரடிச் சண்டை நடந்த பரப்பு. இன்றும் சிதையாமல் இருப்பது எவ்வளவு என்பது மூன்றாவது கோடு. மூன்றும் இல்லாத வரைபடத்தோடு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகாதீர்கள். மூன்றாவது கோடு இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் ஓரத்தில் இருக்கும் ஒரு பெட்ரோல் பங்கைக் காட்டி, "எல்லாம்தான் போய்விட்டதே" என்று முடித்துவிடுவார்.

கோடு போட ராணுவத்தின் ஐந்து கேள்விகள் போதும்: கைப்பற்ற வேண்டிய மேடு எது, எங்கிருந்து எது தெரிந்தது, மறைவு எங்கே, தடை எது, படை வந்த வழி எது. ஒவ்வொரு விடைக்கும் அக்கால அறிக்கையோ கடிதமோ ஆதாரமாக இருக்க வேண்டும். இன்றைய நிலத்தில் அந்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியும் வேண்டும். ஆதாரம் இல்லாத ஒரு புள்ளி இருந்தாலும் மொத்த வரைபடத்தையும் சந்தேகிப்பார்கள்.

நிலவகை மாற்றம்

மேலே சொன்னதற்கு வர்ஜீனியாவின் வைல்டர்னெஸ் களமே சான்று. 1864 மே மாதம் வடக்குப் படைத்தலைவர் கிராண்ட்டும் தெற்குப் படைத்தலைவர் லீயும் முதன்முதலாக மோதிய இடம். 3-ஆம், 20-ஆம் எண் சாலைகள் சேரும் முனையருகே வால்மார்ட் கடை கட்ட அனுமதி கேட்டது. அந்த மனை பூங்காவுக்கு வெளியே, ஆனால் களத்தின் வெளிக்கோட்டுக்கு உள்ளே. 250-க்கும் மேற்பட்ட வரலாற்றாசிரியர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். அதற்குப் பிறகும் 2009 ஆகஸ்டில் ஆரஞ்ச் கவுண்டி மேற்பார்வையாளர் குழு 4-க்கு 1 என்று அனுமதி கொடுத்தது. 2011 ஜனவரியில் வழக்கு விசாரணை தொடங்கும் நேரத்தில்தான் நிறுவனம் பின்வாங்கியது.

கடிதத்தால் மட்டும் அது நிற்கவில்லை. இரண்டு விஷயங்கள் வேலை செய்தன. எதிர்த்தவர்கள் "கடையே வேண்டாம்" என்று ஒருநாளும் சொல்லவில்லை. அதே சாலையில் களத்துக்கு அப்பால் கட்டுங்கள் என்றார்கள். அதனால் வேலைவாய்ப்பு, வரி வருமானம் என்ற வாதம் அவர்கள்மேல் ஒட்டவில்லை. இரண்டாவது, வழக்கு ஆரம்பத்திலேயே தள்ளுபடி ஆகாமல் சாட்சி விசாரணை தொடங்கும் நிலை வரை போனது. கடை பின்னர் வேறிடத்தில் வந்தது.

வர்ஜீனியாவின் இன்னொரு போர்க்களமான மனசாஸ் பக்கத்தில் 2023 டிசம்பரில் சுமார் 2,100 ஏக்கரில் டேட்டா சென்டர்களுக்கு அனுமதி தந்தார்கள். 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. காரணம் பொது அறிவிப்பில் இருந்த குறை. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. எனவே, அறிவிப்பு எந்தப் பத்திரிகையில் எந்தத் தேதியில் வந்தது, இணைப்புக் கோப்புகள் மக்கள் பார்வைக்கு என்று வைக்கப்பட்டன என்பதை முதல் நாளிலிருந்தே எடுத்து வையுங்கள். பத்திரிகைப் பக்கத்தைத் தேதி தெரியும்படி முழுதாக ஸ்கேன் செய்யுங்கள். விளம்பரத்தை மட்டும் வெட்டி வைத்தால் பயன்படாது. வழக்குப் போடும் கெடு வர்ஜீனியாவில் முடிவு வந்த நாளிலிருந்து 30 நாள்தான். அதற்குள் மனுதாரராக நிற்கத் தகுதியுள்ள அக்கம்பக்க நில உரிமையாளர் ஒருவராவது வேண்டும்.

கிரயம்

காசு விஷயத்துக்கு வருவோம். நிலம் விவசாய வகையில் இருக்கும்போது ஒரு விலை. வணிக வகைக்கு மாறிய மறுநாள் வேறு விலை. மாறிய பிறகு வாங்கப் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு மனசாஸில் 1988-இல் நடந்ததைப் பாருங்கள். ஸ்டூவர்ட் மேட்டைச் சுற்றி சுமார் 550 ஏக்கரில் மால் கட்ட புல்டோசர் இறங்கிவிட்டது. காங்கிரஸ் சட்டம் போட்டு நிலத்தை எடுத்தது. கையெழுத்தான கணமே நிலம் அரசுடையது, விலை பிறகு தீர்மானமாகும் என்ற ஏற்பாடு. கடைசியில் 10 கோடி டாலருக்கு மேல் ஆனது. களம் பிழைத்தது, அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இன்னொரு முறை அப்படிச் செய்ய எந்த அரசும் எளிதில் முன்வராது.

ஃபிரெடரிக்ஸ்பர்கின் ஸ்லாட்டர் பென் பண்ணை வேறு வழி. 208 ஏக்கர், 1.2 கோடி டாலர், ஆண்டு 2006. 1862 டிசம்பர் 13 அன்று சுமார் 5,000 பேர் இறந்தும் காயப்பட்டும் விழுந்த வயல் அது. தொழிற்சாலை வகையில் விற்பனைக்கு வந்திருந்தது. முதலில் கடன் வாங்கிக் கிரயத்தை முடித்துவிட்டு, நன்கொடையும் மானியமும் திரட்டி 2022-இல்தான் அடைத்து முடித்தார்கள். விற்பவர் மானியக் கோப்பு நகரும்வரை காத்திருக்க மாட்டார். அதனால் இடைக்காலக் கடனுக்கு ஏற்பாடு இல்லாமல் பேச்சுவார்த்தைக்கே போகாதீர்கள். கூட்டாட்சி மானியமாகச் செலவில் பாதிதான் வரும், மறுபாதி நீங்கள் திரட்ட வேண்டும். தேசியப் பூங்காவின் சட்ட எல்லைக்குள் இருக்கும் நிலத்துக்கு அந்த மானியம் கிடையாது. வாங்கியதும் நிரந்தர ஈஸ்மென்ட் (நிலத்தில் கட்டுவதைத் தடுக்கும் பதிவுப் பத்திரம்) பதிய வேண்டும்.

உரிமையாளர் விற்க விரும்பாவிட்டால் ஈஸ்மென்ட் மட்டும் வாங்கலாம். அவர் தொடர்ந்து உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். மனை பிரிக்கும் உரிமையும் கட்டும் உரிமையும் மட்டும் நிரந்தரமாகப் போய்விடும். சிக்கல் பழைய அடமானத்தில் இருக்கிறது. முந்தைய அடமானம் இருந்து, வங்கி தன் உரிமை ஈஸ்மென்டுக்குப் பின்னால்தான் என்று எழுதித் தராவிட்டால், ஜப்தி வரும் நாளில் ஈஸ்மென்டே அழிந்துவிடும். வில்லங்கம் பார்க்கும்போது கனிம உரிமையையும் உயர் மின்தட உரிமையையும் சேர்த்துப் பாருங்கள். நன்கொடையாகத் தருபவருக்கு வரிக்கழிவு வேண்டுமென்றால் மதிப்பீட்டு அறிக்கை நன்கொடை நாளுக்கு 60 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. வர்ஜீனியாவில் தானமாகத் தந்த மதிப்பில் 40 விழுக்காடு மாநில வரிச் சலுகை உண்டு, அதைப் பிறருக்கு விற்கவும் முடியும். ஏக்கர் நிறைய, கையில் ரொக்கம் குறைவு என்றிருக்கும் குடும்பங்களை இந்த ஒரு விவரமே சம்மதிக்க வைக்கும்.

மண்வேலை

கட்ட வரும் நிறுவனம் தரும் தொல்லியல் அறிக்கையில் "குறிப்பிடத்தக்க பொருள் எதுவும் கிடைக்கவில்லை" என்ற வரி வந்தால், எந்த முறையில் தேடினார்கள் என்ற பக்கத்தைப் புரட்டுங்கள். பெரும்பாலும் 15 மீட்டருக்கு ஒரு சிறு குழி என்றிருக்கும். குடியிருப்பு, சமையல் குப்பை போன்றவற்றைக் கண்டுபிடிக்க அது சரியான முறை. போர்க்களத்தில் ஏறக்குறைய பயனே இல்லை. 40 சென்டிமீட்டர் அகல வட்டக் குழியை 15 மீட்டர் கட்டத்துக்கு ஒன்று தோண்டினால் மேற்பரப்பில் சுமார் 1,800-இல் ஒரு பங்கைத்தான் தொடுகிறோம். ஈயக்குண்டுகளோ வயல் முழுக்கச் சிதறிக் கிடப்பவை.

போர்க்களத்துக்கு உரிய முறை மெட்டல் டிடெக்டர். 1983-இல் தீ புல்லை எரித்த பிறகு, 1984-இலும் 1985-இலும் லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் (1876-இல் அமெரிக்கப் படையும் பூர்வகுடிகளும் மோதிய இடம்) வரிசையாக ஆட்களை நடக்கவிட்டு இதை நிரூபித்தார்கள். தோட்டாக் கூடுகளில் பதிந்த ஊசித் தடத்தை வைத்து, ஒரே துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றுகூடச் சொல்ல முடிந்தது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை: அறுவடை முடிந்து பயிர்த்தாள் தாழ்ந்திருக்கும்போது இறங்க வேண்டும். பாதை அகலம் 2 மீட்டருக்குள், கருவியின் வீச்சு ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். இரும்பை ஒதுக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். குப்பை ஆணி தொல்லை தரும் என்று அதைப் போட்டுக்கொள்பவர்கள், வெடித்த குண்டின் இரும்புச் சில்லுகளையும் பீரங்கிச் சிதறல் உருண்டைகளையும் சேர்த்துத் தொலைத்துவிடுகிறார்கள். பீரங்கி எந்தத் திசையில் சுட்டது என்று சொல்வதே அந்தச் சில்லுகள்தான். பொருள் கிடைத்தால் கொடி நட்டு, எண் போட்டு, இடத்தையும் ஆழத்தையும் குறித்த பிறகே எடுக்க வேண்டும். ஈயத்தின் மேல் படிந்த வெண்பூச்சைத் தேய்க்கக் கூடாது. .58 அங்குல மினியே குண்டு (அக்காலத் துப்பாக்கியின் கூம்பு வடிவ ஈயக்குண்டு) ஒன்றைக் கையில் எடுத்தால் 30 கிராமுக்குச் சற்று மேலே இருக்கும். பக்கவாட்டில் குழல் வரித்தடம் இருந்தால் சுட்டது, அடிப்பாவாடை (குண்டின் கீழ் விளிம்பு) மழமழவென்று இருந்தால் கைதவறி விழுந்தது. சுடாதவை வரிசையாகக் கிடக்கும் இடத்தில் ஆட்கள் நின்று துப்பாக்கியில் மருந்து திணித்திருக்கிறார்கள். சுட்டவை குவிந்த இடம் அவர்கள் குறிவைத்த இடம்.

இவை எல்லாம் உழவு மண்ணில், மேல் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கின்றன. கட்டுமானத்தில் முதல் நாள் வழித்து லாரியில் ஏற்றுவதும் அதே 30 சென்டிமீட்டரைத்தான். "அஸ்திவாரம் ஆழமில்லை, மண்ணுக்குப் பாதிப்பில்லை" என்ற வாதத்துக்கு இந்தப் பதிலைக் கையில் வைத்திருங்கள்.

இன்னொன்று: தனியார் நிலத்தில் 1966 தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டப்படியான ஆய்வு தானாக வராது. கூட்டாட்சி அனுமதியோ பணமோ தொட்டால்தான் வரும். மனைக்குள் ஓடையோ சதுப்போ இருந்து, அதை நிரப்ப ராணுவப் பொறியாளர் பிரிவின் அனுமதி தேவைப்பட்டால் அந்தக் கதவு திறக்கும். விவரமறிந்த நிறுவனங்கள் ஓடையைத் தொடாமல் வரைபடத்தை மாற்றிவிடும்.

கேள்வி

கட்டடம் களத்துக்கு வெளியே, ஆனால் உயரமானது. கட்டடத்தின் உயரத்துக்குப் பலூனைப் பறக்கவிட்டு, களத்திலிருந்து தெரிகிறதா என்று பார்க்கும் பலூன் சோதனையை நம்பலாமா?

பார்வைப் பரப்பு

நம்பலாம், இலை உதிர்ந்த காலத்தில் செய்தால். கோடையில் செய்த சோதனையை ஏற்காதீர்கள். மரங்கள் ஐந்து மாதம் மொட்டையாக நிற்கும். காற்று லேசாக அடித்தாலே கயிறு சாய்ந்து பலூன் உண்மை உயரத்துக்குக் கீழே இறங்கிவிடும், அதனால் விடியற்காலையே நல்லது. கூரைக்கு மேல் வரும் குளிரூட்டிகளின் உயரத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள், டேட்டா சென்டர்களில் அது கணிசம். பார்க்கும் புள்ளிகளை முதல் பதிவின் ஐந்து கேள்விகளிலிருந்து எடுங்கள், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அல்ல.

உயரக் கட்டடம் எழும்பிவிட்டால் இறக்குவது எவ்வளவு பாடு என்பதற்கு பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் களத்தருகே தனியார் கட்டிய பார்வைக் கோபுரம்: 300 அடிக்கு மேல், மாநிலம் வழக்காடித் தோற்று 1974-இல் திறந்தது, 2000 ஜூலை 3-இல்தான் வெடிவைத்துச் சாய்த்தார்கள்.

மீட்பு

கட்டியதை எடுக்கவும் முடியும். டென்னசியின் ஃபிராங்ளினில் தெற்குப் படையின் ஜெனரல் கிளிபர்ன் வீழ்ந்த இடத்தருகே நின்ற பீட்சா ஹட் 2005-இல் போனது. கெட்டிஸ்பர்கில் லீயின் தலைமையகத்தை ஒட்டிய விடுதியை 2016-இல் இடித்து, பழத்தோட்டமும் வேலியும் 1863-இல் இருந்தபடி வைத்தார்கள். இடிப்பதற்கு முன் கல்நார் சோதனை, கழிவுத்தொட்டி, நிலத்தடி எண்ணெய்த் தொட்டி ஆகியவற்றின் செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கும்போது விலையைக் குறைக்கவும் அது உதவும். தார்த்தளத்தைப் பெயர்க்கும்போது தொல்லியலாளர் பக்கத்தில் நிற்க வேண்டும், கீழே பழைய மண் அப்படியே இருப்பதுண்டு.

வாங்கிய நிலத்தில் அகழி, மண்சுவர் இருந்தால் அவசரப்பட்டு மரத்தை வெட்டி வெயில் விடாதீர்கள். இலைச்சருகு மூடிய மண்சுவர் மழையில் கரைவதில்லை. ஆபத்து, சுவரின் மேலேயே சாய்ந்து நிற்கும் பட்ட மரம்: புயலில் விழும்போது வேரோடு ஒரு துண்டுச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போகும். அதை மட்டும் தரையோடு அறுத்து, அடிக்கட்டையைப் பிடுங்காமல் மக்க விடுங்கள். தடியை இழுக்காமல் தூக்கி வெளியே எடுங்கள், உறைந்த தரையில் செய்தால் இன்னும் நல்லது.