வண்ணத்துப்பூச்சி விக்கி: எழுத ஆள் வரலை, எரிதம் (ஸ்பாம்) மட்டும் வருது. உதவி!

இலைப்புழு: எங்க வாட்ஸ்அப் குழுவுல தினமும் படம் வருது. விக்கியில எழுத ஒருத்தரும் இல்ல. சூதாட்ட விளம்பரம்தான் குவியுது. ஞாயிறு எங்க குழு பூச்சி பார்க்கப் போற நடைக்குள்ள சரி பண்ணணும். அவசரம்.

கொடிவேரி: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு? கணக்கு இல்லாமலும் தொகுக்கலாமா? காப்ச்சா (மனுஷன்தானான்னு சோதிக்கறது) இருக்கா?

இலைப்புழு: மீடியாவிக்கி 1.39. யாரும் தொகுக்கலாம். காப்ச்சா இல்ல.

கொடிவேரி: கன்ஃபர்ம்எடிட் நீட்சி (கூடுதல் நிரல்) மீடியாவிக்கியோடவே வரும். அதுல கேள்வி கேட்கும் வகையைப் போடுங்க. படக் காப்ச்சாவை எரிதக்காரங்க சுலபமா உடைச்சிடறாங்க. "தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சி எது?"னு கேளுங்க. விடையா "தமிழ் மறவன்", "தமிழ்மறவன்" ரெண்டையும் கொடுக்கணும், இல்லன்னா இடைவெளி விடாம எழுதுற நல்ல ஆள் வெளியே நிப்பார். இயல்புநிலையில புதுக்கணக்குக்கும் வெளியிணைப்பு சேர்க்கறப்பவும் கேள்வி வரும். அதுவே போதும், ஒவ்வொரு தொகுப்புக்கும் வைக்காதீங்க.

மரவட்டை: தட்டச்சுதான் பிரச்சினை. யுனிவர்சல் லாங்குவேஜ் செலக்டர் நீட்சி போட்டா தொகுப்புப் பெட்டியிலேயே தமிழ்99 விசைப்பலகை வரும். ஆள் தானா வரும்.

கொடிவேரி: வாட்ஸ்அப்புல தமிழ்ல எழுதறவங்களுக்குத் தட்டச்சு தடையா? இலைப்புழு, இதுவரைக்கும் ஒருத்தர்கூட எழுதலையா?

இலைப்புழு: நாலஞ்சு பேர் எழுதினாங்க. ஆதாரம் இல்லாததால மீளமைச்சிட்டேன், அதாவது அவங்க எழுதினதை எடுத்துட்டேன்.

மூத்தபயனர்: இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது, தம்பி. நுபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் 2000-இல் ஏழு கட்டச் சரிபார்ப்போடு தொடங்கியது. முதலாண்டில் முடிந்த கட்டுரைகள் இருபது சொச்சம். அடுத்த ஆண்டு யாரும் தொகுக்கலாம் என்று விக்கிப்பீடியா வந்தது. மீதி தெரிந்ததுதானே.

கொடிவேரி: புதுசா வர்றவரோட முதல் தொகுப்பை மீளமைச்சா அவர் திரும்ப வர மாட்டார். நீக்காம "சான்று தேவை" வார்ப்புரு (தயார் குறிப்பு) ஒட்டுங்க. அன்னைக்கே அவரோட பேச்சுப் பக்கத்துல, என்ன சேர்த்தாரோ அதைக் குறிப்பிட்டு ரெண்டு வரி நன்றி எழுதுங்க. தானியங்கி வரவேற்பு வேண்டாம்.

அடுத்து, "கட்டுரை எழுதுங்க"ன்னு கேட்காதீங்க. இன்புட்பாக்ஸ் நீட்சியில பூச்சிப் பெயரைத் தட்டினா, முன்நிரப்பிய பக்கம் திறக்கற மாதிரி வையுங்க: பார்த்த இடம், மாதம், உணவுத் தாவரம், படம். எலுமிச்சை அழகிங்கற பூச்சிக்குக் கறிவேப்பிலைன்னு நிரப்ப ஒரு நிமிஷம் போதும். எல்லாப் பக்கத்தையும் நீங்களே முடிக்காதீங்க. சிவப்பு இணைப்புகள் (இன்னும் எழுதாத பக்கங்களுக்கானவை) இருக்கட்டும், வர்றவங்களுக்கு வேலை வேணுமே.

மரவட்டை: படத்துக்கு வணிகப் பயன்பாடு கூடாதுன்னு உரிமம் வையுங்க. இல்லன்னா காலண்டர்காரங்க எடுத்துப்பாங்க.

மூத்தபயனர்: தவறான ஆலோசனை. அந்த உரிமம் இருந்தால் விக்கித் திட்டங்களின் பொதுப் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்ற முடியாது, தமிழ் விக்கிப்பீடியாவிலும் பயன்படுத்த முடியாது. எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் யாரும் பயன்படுத்தலாம் என்னும் சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 போதும்.

மரவட்டை: விடியக்காலையில போய் எடுத்த படத்தைக் காலண்டர்ல பார்த்தா கோபம் வராதா?

மூத்தபயனர்: அந்தக் காலண்டரிலும் எடுத்தவர் பெயரைப் போட்டாக வேண்டும், உரிமத்தின் நிபந்தனையே அதுதான்.

கொடிவேரி: எந்த உரிமமானாலும் வாட்ஸ்அப் படத்தை அப்படியே ஏற்றாதீங்க. எடுத்தவர்கிட்ட எழுத்துல சம்மதம் வேணும், அசல் கோப்பும் வேணும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, எடுத்த தேதியையும் அழிச்சிடும்.

இலைப்புழு: கேள்வி போட்டாச்சு, எரிதம் நின்னுது. மீளமைச்சதையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தேன், ஒருத்தர் பதில் போட்டிருக்கார். அந்த முன்நிரப்பிய படிவம் ஞாயிறு நடையில. நன்றி.

கொடிவேரி: பேக்கப்? தரவுத்தளம், படக் கோப்புறை ரெண்டையும் தனித்தனியா எடுக்கறீங்களா?