வைப்பர் மோட்டார் கிளம்பினால் ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

நண்பர்களே, புதுப்பேட்டையில் வாங்கிய பழைய கார் வைப்பர் மோட்டாரை ஆர்டுயினோ நானோ (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) வைத்து மேஜையில் ஓட்டிப் பார்க்கிறேன். மழைக்கேற்ப வேகம் மாறவேண்டும், அதுதான் ஆசை.

மோட்டாருக்கு சுவிட்ச் மாதிரி முதலில் போட்ட ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) கொதித்தது. நானோ தரும் 5 வோல்ட் அதன் கேட் (திறக்கச் சொல்லும் முனை) முனைக்குப் போதாதாம். டேட்டாஷீட் படிக்காதது என் தப்பு. 5 வோல்ட்டிலேயே நன்றாகத் திறக்கும் ஐஆர்எல்இசட்44என் மாற்றியதும் சூடு குறைந்தது. ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் நானோ ரீசெட் ஆகிறது. மோட்டாருக்குக் குறுக்கே டையோடு, 12 வோல்ட் லைனில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், இரண்டும் இருக்கின்றன. நானோவுக்கும் அதே பேட்டரிதான். தனி பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டேஜைக் குறைத்துத் தருவது) போட்டால் தீருமா, இல்லை கிரவுண்டு ஒயரைப் பிரித்து பேட்டரி முனைக்கே கொண்டுபோக வேண்டுமா?

அப்புறம், இந்த மோட்டாரின் உடம்பே கிரவுண்டு. காரில் பொருத்தினால் லோ சைடு (மோட்டாருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வைக்கும்) மாஸ்ஃபெட் வேலைக்காகாதே! ஹை சைடுக்கு (12 வோல்ட் பக்கத்துக்கு) என்ன போடுகிறீர்கள்?